அமெரிக்க வேட்பாளரும் நம் கடைப் பாதாமும்

"அமெரிக்காவில் யார் ஜனாதிபதியாக வந்தால் நமக்கென்ன? துவரம் பருப்பு விலை குறையப் போகிறதா?" என்று கேட்கும் அன்பர்கள் நம் சங்கத்தில் பலர் உண்டு. நியாயமான கேள்விதான். விடியற்காலையில் கடையைத் திறந்து, இரவு பத்து மணிக்குக் கல்லாவை எண்ணி, சிட்டையை மூடிவிட்டு வீடு போய்ச் சேருகிறவர்கள் நாம். அயோவா எந்தத் திசையில் இருக்கிறது, நியூ ஹாம்ப்ஷயரில் யார் முந்துகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க நமக்கு நேரம் ஏது?

ஆயினும் ஒரு கணக்கை வணிகப் பெருமக்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

2015 ஜூன் 16 அன்று நியூயார்க் நகரில் டொனால்டு டிரம்ப், தாம் ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிடப் போவதாக அறிவித்தார். அன்றைய உரையிலேயே, மெக்சிகோவில் தயாராகி அமெரிக்காவுக்குள் வரும் ஃபோர்டு கார்களுக்கும் உதிரி பாகங்களுக்கும் 35 சதவீதம் வரி போடுவேன் என்றார். வேடிக்கைப் பேச்சு என்று பலரும் சிரித்தனர். அவர் பதவிக்கு வந்தார். 2018 மார்ச்சில் வெளிநாட்டு உருக்குக்கு 25 சதவீதம், அலுமினியத்துக்கு 10 சதவீதம் என்று வரி விதித்தார். இந்திய உருக்கும் அதில் சிக்கியது. 2019 ஜூன் 5 முதல், வளரும் நாடு என்ற வகையில் இந்தியப் பொருட்களுக்கு அளித்து வந்த வரிச் சலுகையும் நின்றது. பதிலுக்கு நம் மத்திய அரசு 28 அமெரிக்கப் பொருட்களுக்குக் கூடுதல் வரி போட்டது. பாதாமுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய், அக்ரூட்டுக்கும் ஆப்பிளுக்கும் 20 சதவீதம் கூடுதல். கொண்டைக்கடலையும் மைசூர் பருப்பும்கூடத் தப்பவில்லை. அந்த வரி நடைமுறைக்கு வந்த நாள் 2019 ஜூன் 16. அந்த அறிவிப்பு மேடையிலிருந்து நம் கடைப் பாதாம் டின் வரை வந்து சேர, நாள் தவறாமல் நான்கு ஆண்டுகள் ஆயின.

பழைய விலையை நம்பிக் கல்யாண ஆர்டர் எடுத்துவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நம்மிலேயே உண்டு. அந்தக் கூடுதல் வரி நீங்க 2023 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உருக்குக்கும் பாதாமுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று கேட்டோம். சம்பந்தம் இருக்கிறது என்பதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அமெரிக்காவில் அந்த மணியோசை முதலில் கேட்பது, கட்சிகள் தத்தம் வேட்பாளரைப் பொறுக்கி எடுக்கும் தொடக்க காலத்தில்தான். அப்போது யாரை எப்படி எடை போடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதனிலைத் தேர்தல் எனும் மண்டி

நம் நாட்டில் கட்சித் தலைமை கைகாட்டியவர் வேட்பாளர். அமெரிக்காவில் வழக்கம் வேறு. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி ஆகிய இரண்டும் மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடத்துகின்றன. ஒவ்வொரு மாநிலத்திலும் நடக்கும் வாக்கெடுப்பின் முடிவை வைத்து, அந்தந்த மாநிலக் கட்சி விதிப்படி வேட்பாளருக்குப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். பாதிக்கு மேற்பட்ட பிரதிநிதிகளைச் சேர்த்தவரே கட்சி மாநாட்டில் வேட்பாளராக அறிவிக்கப்படுவார். இதைத்தான் முதனிலைத் தேர்தல் என்கிறோம்.

அங்கும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1968இல் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு மாநில முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். அதனால் எழுந்த கொந்தளிப்புக்குப் பிறகே விதிகள் மாறி, 1972 முதல் தொண்டர்களின் வாக்குக்கு முதலிடம் கிடைத்தது.

தேர்தல் நவம்பரில் என்றால், முதல் வாக்குப் பதிவு அந்த ஆண்டின் தொடக்கத்தில் நடக்கும். வேட்பாளர்கள் களத்தில் இறங்குவதோ அதற்கும் ஓராண்டு முன்பு. ஆக, பதவியேற்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சரக்கு மண்டிக்கு வந்துவிடுகிறது.

முந்துகிறவர் எல்லாம் வெல்கிறவர் அல்லர்

மண்டிக்குப் புதுச் சரக்கு வந்ததும் நாம் முதலில் கேட்பது விலை. அமெரிக்கப் பத்திரிகைகள் முதலில் கேட்பது, கருத்துக் கணிப்பில் யார் முன்னிலை என்பது. அந்த முன்னிலையை நம்பி முதல் போட்டவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள்.

1972இல் ஜனநாயகக் கட்சியில் எட்மண்ட் மஸ்கிதான் வேட்பாளர் என்று எல்லோரும் சொன்னார்கள். கிடைத்தது ஜார்ஜ் மெக்கவர்னுக்கு. 2003 இறுதியில் ஹோவர்ட் டீன் முன்னே நின்றார். 2004 ஜனவரியில் அயோவாவில் மூன்றாம் இடத்துக்குப் போனார். ஜான் கெர்ரி வென்றார். 2007 முழுவதும் குடியரசுக் கட்சியின் தேசியக் கணிப்புகளில் முன்னிலை வகித்தவர் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ரூடி ஜூலியானி. ஃபுளோரிடாவை மட்டுமே நம்பிக் காத்திருந்து, அங்கும் மூன்றாம் இடம் பெற்று விலகினார். அதே 2007இல் ஜனநாயகக் கட்சியில் முன்னிலை ஹிலாரி கிளிண்டனுக்கு; வேட்பாளரானவர் பராக் ஒபாமா.

மறுபக்கமும் உண்டு. 1976இல் களம் இறங்கிய ஜிம்மி கார்ட்டரை நாட்டில் பெரும்பாலோருக்குத் தெரியாது. யார் இந்த ஜிம்மி என்று பத்திரிகைகளே கேட்டன. ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்ற சிற்றூரில் நிலக்கடலை விளைவித்து, கிடங்கு வைத்து வியாபாரம் செய்தவர் அவர். நம் இனம் என்றே சொல்லலாம்! மாநில ஆளுநராக இருந்தபோதும் வெளியூரில் பேர் கிடையாது. அவ்வாண்டு அயோவாவில் முதலிடம் பெற்றது எந்த மனிதரும் இல்லை. இன்னும் முடிவு செய்யவில்லை என்றவர்கள் 37 சதவீதம். கார்ட்டருக்கு 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் மனிதர்களில் முதல்வர் அவரே என்பதால் ஊர் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஜனவரியில் வெள்ளை மாளிகைக்குக் குடிபோனார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அயோவா அந்தப் பானையின் சோறுதானா என்பதே ஐயம். மக்கள்தொகை 32 லட்சம் அளவே உள்ள வேளாண் மாநிலம் அது. 2024 ஜனவரியில் கடும் குளிரில் குடியரசுக் கட்சிக்காக அங்கே வந்து வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 1,10,000 பேர்தான். 2008, 2012, 2016 ஆகிய மூன்று முறையும் அயோவாவில் வென்ற குடியரசுக் கட்சியினர் எவரும் இறுதி வேட்பாளராகவில்லை.

முன்னிலை எப்போதுமே பொய் என்று நாம் சொல்லவில்லை. 2015 கோடையில் கணிப்புகளில் முந்திய டிரம்ப் கடைசிவரை பெரும்பாலும் முந்தியே நின்றார், 2024இலும் முந்தியே நின்றார். முன்னிலையை மட்டும் பார்த்து எடை போடக் கூடாது என்பதே நம் கருத்து. மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக இருக்கும் மணியைப் பார்த்து வாங்குகிறவர் வியாபாரி அல்லர். குத்தூசியை எடுத்து மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும்.

முதல் குத்து: கல்லாப்பெட்டி

அமெரிக்க வேட்பாளர்கள் தங்கள் வரவு செலவைத் தேர்தல் ஆணையத்திடம் குறித்த கெடுவில் காட்டியாக வேண்டும். 200 டாலருக்கு மேல் கொடுத்தவரின் பெயரும் வெளியாகும். 2024 தேர்தலில் தனிநபர் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு முதனிலைத் தேர்தலில் 3,300 டாலர் வரையே நேரடியாகத் தரலாம் என்ற வரம்பும் இருந்தது. 2010க்குப் பிறகு வெளியில் தனி அமைப்பு வைத்து வரம்பின்றித் திரட்டும் வழியும் திறந்துவிட்டது. அந்தக் கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பணம் அதிகம் உள்ளவர் வெல்வார் என்று நினைத்தால் தவறு. 1980இல் ஜான் கானலி 1 கோடியே 10 லட்சம் டாலர் செலவழித்துப் பெற்ற பிரதிநிதி ஒரே ஒருவர். 2016இல் ஜெப் புஷ்ஷுக்காக வெளி அமைப்பு திரட்டியது 10 கோடி டாலருக்கும் மேல். கிடைத்த பிரதிநிதிகள் நான்கு பேர். 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் தம் சொந்தப் பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். அவர் முதலிடம் பெற்றது அமெரிக்க சமோவா என்ற தீவுப் பகுதி ஒன்றில்தான். கண்ணாடி ஷோகேஸும் வண்ண விளக்கும் போட்ட கடையில் ஈ ஓட்டுவதை நாம் பார்த்ததில்லையா?

பார்க்க வேண்டியது எவ்வளவு வந்தது என்பதை அல்ல. எவ்வளவு வேகமாகக் கரைகிறது, வற்றினால் ஆள் என்ன செய்கிறார் என்பதை. 2007 கோடையில் ஜான் மெக்கெய்னின் கல்லா காலியாயிற்று. ஆட்களைக் குறைத்தார், செலவைச் சுருக்கினார், நியூ ஹாம்ப்ஷயரில் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மக்களின் கேள்விக்குப் பதில் சொன்னார். 2008 ஜனவரியில் அங்கே வென்றார். கட்சியின் வேட்பாளரும் ஆனார். 2020இல் ஜோ பைடன் அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். கடையை மூட வேண்டியதுதான் என்றார்கள். தெற்குக் கரோலினாவின் கறுப்பின மக்கள், பல்லாண்டு பழகிய வாடிக்கை என்று அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். பிப்ரவரி 29 அன்று அங்கே கிடைத்த வெற்றி அவரை வெள்ளை மாளிகை வரை கொண்டு சேர்த்தது. வாடிக்கையும் நாணயமும் ரொக்கத்தைவிடப் பெரிய முதல் என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இரண்டாம் குத்து: கொடுத்த வாக்கு

வேட்பாளர் எந்த ஊரில், யாரிடம், என்ன சொல்கிறார் என்பது அடுத்தது. அயோவா மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பூமி. அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் எரிபொருளுக்குப் போகிறது. ஆகவே அங்கே போகிறவர்கள் எல்லாம் எத்தனாலை வாயாரப் புகழ்வது வழக்கமாயிற்று. எத்தனால் மானியத்தை எதிர்த்த மெக்கெய்ன் 2000இல் அயோவாப் பக்கமே போகவில்லை. 2016இல் டெட் குரூஸ், எரிபொருளில் எத்தனாலைக் கட்டாயமாகக் கலக்கும் விதி கூடாது என்று அயோவாவிலேயே சொன்னார். மாநில ஆளுநரே அவரைத் தோற்கடியுங்கள் என்றார். இருந்தும் குரூஸ் வென்றார். வாங்குகிறவர் முகத்துக்கு நேரே அவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லும் வியாபாரி அரிது. அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடோ இல்லையோ, அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. அமெரிக்காவில் சோயா எண்ணெய் எரிபொருளுக்குத் திரும்பினால் சிகாகோ சந்தையில் விலை ஏறும். சோயா ஏறினால் பாமாயிலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறும். அயோவாவில் கை தட்டு வாங்கிய வாக்குறுதி நம் கடையில் எண்ணெய் டின்னாக வந்து நிற்கும்.

மூன்றாம் குத்து: பழைய பேரேடு

புதிதாகக் கடன் கேட்டு வருபவரிடம் முன்பு எங்கே வாங்கினீர்கள், எப்படிக் கொடுத்தீர்கள் என்று விசாரிக்கிறோம் அல்லவா? வேட்பாளரையும் அப்படியே விசாரிக்க வேண்டும். ஹாரி ட்ரூமன் ஜனாதிபதியாவதற்குப் பல ஆண்டுகள் முன்பு கான்சாஸ் சிட்டியில் நண்பரோடு சேர்ந்து ஆடவர் துணிக்கடை வைத்து 1922இல் நொடித்துப் போனார். திவால் கொடுக்க மறுத்து, பல ஆண்டுகள் சிறுகச் சிறுகக் கடனை அடைத்தார். அவரை விரும்பாதவர்களும் அந்த நாணயத்தை மதித்தனர்.

பேச்சும் பேரேடும் ஒத்துப் போகாத சந்தர்ப்பமும் உண்டு. பசிபிக் கடலோர நாடுகளுக்கிடையே பேசப்பட்டு வந்த வணிக ஒப்பந்தத்தை, வெளியுறவு அமைச்சராக இருந்த நாளில் ஹிலாரி கிளிண்டன் புகழ்ந்தார். முதனிலைத் தேர்தல் சூடு பிடித்த 2015 அக்டோபரில் அதையே எதிர்த்தார். எதிரே நின்ற பெர்னி சாண்டர்ஸ் அந்த ஒப்பந்தத்தை இடைவிடாது கண்டித்து வந்ததை இங்கே நினைவுகூர வேண்டும்.

ஆளைவிடக் காற்று முக்கியம்

இங்கேதான் நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி இருக்கிறது. பெரும்பாலான வேட்பாளர்கள் வழியிலேயே விலகிப் போகிறவர்கள். அவர்களை எடை போட்டு என்ன பயன் என்று சிலர் சொல்வார்கள். விலகிப் போகிறவர் தம் வாக்குறுதியைக் கையோடு கொண்டுபோவதில்லை. வென்றவரின் கூடையில் போட்டுவிட்டுப் போகிறார். 2016இல் சாண்டர்ஸ் தோற்றார். அவர் எதிர்த்த ஒப்பந்தமோ இரு கட்சிகளிலும் ஆதரவின்றிப் போயிற்று. டிரம்ப் பதவியேற்ற நான்காம் நாள், 2017 ஜனவரி 23 அன்று, அதிலிருந்து அமெரிக்கா விலகியது. 2021இல் ஆட்சி மாறி பைடன் வந்தார். சீனப் பொருட்கள் மீது டிரம்ப் போட்ட வரிகளில் பெரும்பகுதியை அவரும் அப்படியே வைத்துக்கொண்டார். 2024இல் சிலவற்றை உயர்த்தவும் செய்தார். இந்தியாவுக்கு நின்றுபோன சலுகையும் அவர் காலத்தில் திரும்பவில்லை. ஆள் மாறினார்; காற்று மாறவில்லை.

அதே பாடம் மறுபடியும் நடந்தது. 2023 ஆகஸ்டில், முதனிலைத் தேர்தலில் ஒரு வாக்கும் பதிவாவதற்கு முன்பே, எல்லா நாட்டுப் பொருளுக்கும் 10 சதவீதம் வரி என்று டிரம்ப் தொலைக்காட்சியில் சொன்னார். 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களில் பலவற்றின் மீது கூடுதல் வரி மொத்தம் 50 சதவீதமாயிற்று. அதன் பின் நடந்த பேரங்கள் தனிக்கதை. ஆனால் அன்று திருப்பூர்ப் பின்னலாடைக்காரர்களும் இறால் ஏற்றுமதியாளர்களும் பட்ட கலக்கத்தை நாம் மறக்க முடியாது. பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் நின்றால், அந்தத் தெரு மளிகைக் கடையின் கடன் நோட்டில் பாக்கி ஏறும். இது எந்தக் கட்சியும் சொல்லித் தர வேண்டிய பொருளாதாரம் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

அமெரிக்காவில் இருமுறை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கப்பட அவர்களது அரசியல் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே 2028 தேர்தலுக்கு இரு கட்சியிலும் புதுச் சரக்கு வரும். இவர் வர வேண்டும், அவர் வரக் கூடாது என்று சொல்ல நமக்கு வாக்கும் இல்லை, வேலையும் இல்லை. நம் வேலை கணக்கு எழுதுவது.

ஒரு சாதாரண நோட்டில் ஐந்து பத்தி போட்டுக்கொண்டால் போதும். வேட்பாளர் பெயர், இறக்குமதி வரி பற்றி அவர் சொன்னது, சொன்ன தேதி, இதற்கு முன் செய்தது, அதே பேச்சை இன்னும் எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது. கடைசிப் பத்தி நிரம்பத் தொடங்கினால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இரு கட்சியிலும் பாதிப் பேர் ஒரே வரியைப் பேசினால், யார் வென்றாலும் அந்த வரி வரும் என்று எடுத்துக்கொள்ளலாம். கலிபோர்னியா பாதாமுக்கு வெளிநாடுகளில் மிகப் பெரிய சந்தை இந்தியாதான். அங்கே வரிச் சண்டை மூண்டால் முதலில் அடிபடும் சரக்குகளில் அது ஒன்று. மொத்த வியாபாரிகள் நீண்ட கெடுவுக்கு விலை பேசும்போது, வரி மாறினால் விலை மாறும் என்ற ஒரு வரியைச் சிட்டையில் எழுதி வாங்க வேண்டும். சில்லறை வணிகர்கள் ஆறு மாதம் தள்ளி வரும் கல்யாணத்துக்கு இன்றைய விலையில் வாக்குக் கொடுக்கக் கூடாது. நம் சங்கமும் மாதம் ஒரு முறை இறக்குமதி வரி பற்றிய செய்திகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்கு அறிவித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறோம். இன்னார் வரப் போகிறார் என்று நம்பிச் சரக்கைக் குவித்து வைப்பது வியாபாரம் அல்ல, சூதாட்டம். மஸ்கியையும் ஜூலியானியையும் நம்பியவர்கள் கதையை மேலே பார்த்தோம். யார் வெல்வார் என்பது அமெரிக்கர்களுக்கே கடைசி வரை தெரியாத கேள்வி. என்ன சொல்கிறார்கள் என்பது முதல் நாளிலேயே எல்லோருக்கும் கேட்கும் செய்தி. முதலாவதை விட்டுவிடுவோம். இரண்டாவதைக் காது கொடுத்துக் கேட்போம்.

2015இல் மணி அடித்தது, நாம் கேட்கவில்லை. 2023இலும் அடித்தது, பாதிதான் கேட்டோம். அடுத்த முறையாவது, யானை தெருமுனைக்கு வருமுன் கடைப் பலகையிலுள்ள சரக்கை எடுத்து உள்ளே வைப்போம்.